எழுபது பாகை நீராவியின் விலை

எங்கள் வீட்டுக் கேத்திலின் உட்புறத்தில் பிடிக்கும் வெண்படிவை அம்மா மாதத்துக்கு ஒருமுறை தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்கவைத்துக் கழற்றுவார். சுண்ணக்கல்லில் ஊறிய கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு அந்தப் படிவு புதிதல்ல. நீர் சூடேறச் சூடேறச் சீனி நன்றாகக் கரையும்; அந்தப் படிவான கல்சியம் காபனேற்றோ நீரை விட்டுப் பிரிந்து சூடான சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலைக்கு எல்லை வகுப்பதும் பெரும்பாலும் இந்தப் படிவுதான். பல கட்ட ஆவியாக்கல் முறையில் கடல்நீரை 70 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேற்றாமல் வைத்திருப்பதற்கு அதுவே முதற் காரணம்.

சில ஆண்டுகளாக நான் செய்துவரும் ஆய்வு, அனல்மின் நிலையம் ஒன்றையும் அதனோடு இணைந்த இத்தகைய வடிப்பாலை ஒன்றையும் ஒரே கணினி மாதிரியாக எழுதுவது. கொதிகலன், சுழலி, ஒடுக்கி, பம்பி என ஒவ்வோர் உறுப்புக்கும் திணிவுச் சமநிலையையும் சக்திச் சமநிலையையும் எழுதி, எல்லாச் சமன்பாடுகளையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். சுழலியின் இடைநடுவில் எடுக்கும் நீராவி முதல் அறையில் ஒடுங்கி, அங்குள்ள கடல்நீரின் ஒரு பகுதியை ஆவியாக்கும். அந்த ஆவி, அமுக்கம் சற்றுக் குறைந்த அடுத்த அறையைச் சூடாக்கும். இப்படிப் 12 அறைகள் தொடர்ந்தால், ஒரு கிலோ நீராவிக்கு ஏறத்தாழ 10 கிலோ நன்னீர் கிடைக்கும்.

அந்த நீராவியைக் கழிவு வெப்பம் என்றும், ஆகவே இலவசம் என்றும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதை நான் ஏற்கவில்லை. 70 பாகையில் நீராவியின் தன்மறை வெப்பம், அதாவது அது ஒடுங்கி நீராகும்போது விடும் வெப்பம், கிலோவுக்கு 2,333 கிலோயூல். ஒரு கனமீற்றர் நன்னீருக்கு 100 கிலோ நீராவி தேவையென்றால், அது ஏறத்தாழ 65 கிலோவாட் மணி வெப்பம். வடிப்பாலைக்குத் திருப்பாமல் விட்டிருந்தால் அதே நீராவி 40 பாகை ஒடுக்கி வரை விரிந்து மின்சாரம் தந்திருக்கும். வெப்பத்தில் எவ்வளவை உச்சமாக வேலையாக்கலாம் என்று சொல்லும் கார்னோவின் எல்லைப்படி அந்த வெப்பத்தில் 8.7 சதவீதம் வேலையாக மாறலாம். சுழலியின் வினைத்திறனை 85 சதவீதம் எனக் கொண்டால், கனமீற்றர் ஒன்றுக்கு நாம் இழப்பது ஏறத்தாழ 4.8 அலகு மின்சாரம். பம்பிகளின் செலவு இதற்கு மேல்.

வடமராட்சி கிழக்கின் தாளையடியில் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும்படி, கடல்நீரை அமுக்கிச் சவ்வினூடாக வடிகட்டும் ஆர்.ஓ. முறையில் கட்டப்பட்டது. கடல்நீருக்கான இன்றைய ஆர்.ஓ. ஆலைகள் பொதுவாக கனமீற்றருக்கு 3 முதல் 4 அலகு வரை எடுக்கின்றன. ஆகவே அங்கே அந்த முறையைத் தெரிந்தெடுத்தது சரியென்றே என் கணக்கும் சொல்கிறது.

ஆனால் டீசல் எஞ்சின்களின் நிலை வேறு. அவற்றைக் குளிர்விக்கும் நீர் 80 முதல் 90 பாகை வரையான சூட்டில் வெளியே வருகிறது. அந்தச் சூட்டை எடுப்பதால் எஞ்சின் தரும் மின்சாரத்தில் ஒரு அலகும் குறையாது. அத்தகைய வெப்பம் ஒரு மெகாவாட் கிடைத்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 370 கனமீற்றர் நீரை வடிக்கலாம். மின் நிலையம் கடற்கரையில் இருந்தாக வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தீவுப்பகுதிகளை எண்ணும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வரும்.

மாதிரியை முதன்முதலில் எழுதியபோது ஒரு பிழை விட்டேன். கடல்நீருக்கும் தூய நீரின் நீராவி அட்டவணையையே பயன்படுத்திவிட்டேன். உப்பு கலந்த நீர் அதே அமுக்கத்தில் அரைப் பாகை முதல் முக்காற் பாகை வரை கூடிய சூட்டிலேயே கொதிக்கும். பார்வைக்கு அற்பமான அளவுதான். ஆனால் 70க்கும் 40க்கும் இடைப்பட்ட 30 பாகையை 12 அறைகளுக்குப் பங்கிட்டால், ஓர் அறைக்குக் கிடைப்பது இரண்டரைப் பாகை மட்டுமே. அதில் 0.6 பாகையை உப்பு எடுத்துக்கொண்டால் மிச்சம் 1.9. வெப்பநிலை வேறுபாடு குறைந்தால் அதே வெப்பத்தைக் கடத்தக் கூடிய பரப்பு வேண்டும்; திருத்தி எழுதியபோது வேண்டிய குழாய்ப் பரப்பு ஏறத்தாழ 30 சதவீதம் கூடிவிட்டது. குழாய்க்கே பெரும்பணம் போகும் ஆலையில் இது திட்டத்தையே மாற்றிவிடும் வேறுபாடு. ஒரு மாத வேலையை அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன்.

இப்போது என்னை மறித்து நிற்பது பாதிச் சுமை. இரவில் மின் தேவை குறைந்து சுழலிக்குள் போகும் நீராவி பாதியானால், சுழலியூடு செல்லும் நீராவியின் அளவையும் அமுக்கத்தையும் இணைக்கும் ஸ்டொடோலாவின் விதிப்படி, இடைநடுவில் நீராவி எடுக்கும் இடத்தின் அமுக்கமும் ஏறத்தாழப் பாதியாகும். அமுக்கம் 0.31 பாரிலிருந்து 0.16 பார் ஆக இறங்க, நீராவியின் சூடும் 70 பாகையிலிருந்து 55 ஆகிவிடும். 40 வரை மிஞ்சும் 15 பாகையை 12 அறைகளுக்குப் பங்கிட்டு உப்பின் 0.6 பாகையைக் கழித்தால், அறை ஒன்றுக்கு எஞ்சுவது 0.65 பாகை. மற்றவை மாறாதிருந்தால், பாதிச் சுமையில் கிடைக்கும் நன்னீர் பாதியாக அல்ல, மூன்றில் ஒன்றாகக் குறையும். மின்சாரத்தையும் நீரையும் தனித்தனி மாதிரிகளில் கணக்கிடுபவர்களுக்கு இந்தச் சரிவு தென்படாது. விடியற்காலையில் ஊர் முழுவதும் குழாயைத் திறக்கும் நேரத்துக்கு எவ்வளவு பெரிய தொட்டியில் நீரைச் சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்பதை மணித்தியாலக் கணக்கில் அறியவே, இந்த வாரம் மாதிரியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.