கட்டிலுக்கு அடியிலிருந்து வாசல்படி வரை: பேடாவின் 40 நாள்

தத்தெடுக்க ஆள் கிடைக்கும்வரை வைத்திருங்கள் என்று ஒப்படைக்கப்பட்ட தெருநாய். பெண், எட்டு மாதம் இருக்கலாம். ஆற்காடு மக்கன் பேடா நிறம், அதனால் பேடா. காட்பாடியில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நான்கு நாளும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. நாங்கள் தூங்கிய பிறகுதான் சோற்றுத் தட்டு காலியாகும். எதிர்வீட்டு ஆயா தினமும் கேட்பார்: "இன்னாப்பா, இன்னும் அங்கியேதான் கீதா?"

என் முதல் தப்பு, கோழி ஈரலைக் கையில் வைத்து நீட்டிக் கூப்பிட்டது. உப்பு, மஞ்சள் போடாமல் வேகவைத்த ஈரல். ஆசையில் கழுத்து மட்டும் நீளும், பின்னங்கால் நின்ற இடத்திலேயே நிற்கும். வாயில் வாங்கிய பிறகுதான், இவ்வளவு கிட்ட வந்துவிட்டோமே என்று உறைக்கும். பதறி ஓடிச் சுவரில் முட்டிக்கொண்டது. ஓட வழியில்லாவிட்டால் கடித்திருக்கும்.

6ஆம் நாளிலிருந்து மாற்றினேன். பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து, விரல்நுனி அளவு ஈரலை அதற்குப் பின்னால் வீசினேன். தின்ன வேண்டுமானால் என்னைவிட்டு விலகிப் போக வேண்டும். தின்றுவிட்டு அதுவாகத் திரும்பி வந்தால் வரட்டும். கேட்க ஏறுமாறாகத்தான் இருக்கும். ஆனால் போகலாம் என்று தெரிந்த பிறகுதான் அது வர ஆரம்பித்தது. நாக்கால் மூக்கை நக்கினாலோ, தூக்கம் வராதபோதே கொட்டாவி விட்டாலோ பதறுகிறது என்று அர்த்தம், அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுவேன். 11ஆம் நாள் என் முழங்காலை மோந்து பார்த்தது. நான் மூச்சுகூட விடவில்லை.

14ஆம் நாள் சித்தப்பா வந்தார். "நாயெல்லாம் எனக்குப் பழக்கம்டா" என்று குனிந்து தலையில் தட்டினார். பேடா நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. பயத்தில் போவது அது, திட்டினால் இன்னும் கூடும். அதன் பிறகு வருகிறவர்களுக்கு ஒரே நிபந்தனை: பார்க்காதீர்கள், கூப்பிடாதீர்கள், தொடாதீர்கள். நாயைவிட மனிதர்களைப் பழக்குவதுதான் கஷ்டம்.

19ஆம் நாள் தெருவில் சாவு மேளம், சரவெடி. மறுபடி கட்டிலடி, இரண்டு நாள். அவசரப்படுத்தாமல் பழையபடி தூரத்திலிருந்தே ஈரல் வீசினேன். இந்த முறை மூன்றே நாளில் மீண்டது.

நடை காலை ஐந்தரைக்கு. வெயில் ஏறினால் நம் ஊர்த் தார்ரோடு பாதத்தைச் சுட்டுவிடும், அந்நேரத்தில் ஆள் நடமாட்டமும் குறைவு. கழுத்துப்பட்டையை நம்பவில்லை. பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்போடு சேர்த்துக் கட்டும் பெல்ட்தான்.

38ஆம் நாள் ஆயா எங்கள் வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பேடா போய் முந்தானையை மோந்து, காம்பு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஆயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சொன்னபடி.

குடை மட்டும் இன்னும் ஆகவில்லை. பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் வால் காலுக்கிடையில். இப்போது மடக்கிய குடையை வாசல் மூலையில் சாத்திவைத்திருக்கிறேன், நான்கடி தள்ளி ஈரல்.