பாப் ஸ்மியருக்கு முன்: உடுத்திய உடையோடு கேட்க வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம் பெண்கள் பலர் பாப் ஸ்மியரை, அதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய உதவும் பரிசோதனையை, தள்ளிப்போடுவதற்குக் கூச்சம் மட்டும் காரணமில்லை. உள்ளே என்ன நடக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

தென்னாப்பிரிக்காவின் 2003ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம், 6ஆம் பிரிவில் இதைத் தெளிவாக வைத்திருக்கிறது. என்ன செய்யப் போகிறார்கள், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, மறுத்தால் என்னவாகும் என்பதை, இயன்றவரை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிக்கும் இது பொருந்தும். ஆனால் நடைமுறையில் கூட வந்த பேரனையே மொழிபெயர்க்கச் சொல்லிவிடுகிறார்கள். பேரன் முன்னால் எந்தப் பாட்டி இரத்தப்போக்கைப் பற்றி வாய் திறப்பார்? தமிழ் தெரிந்த சிஸ்டர் யாராவது இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சம்மதத்தை உடை மாற்றுவதற்கு முன்பே கேட்க வேண்டும். அரைகுறை உடையில் மேசைமேல் படுத்திருப்பவரால் ‘வேண்டாம்’ என்று சொல்வது கடினம். பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடையைத் தானே களைய, திரைக்குப் பின்னால் தனிமை வேண்டும். இடுப்புக்குக் கீழே போர்த்த ஒரு விரிப்பு வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் அழுத்தம் குறையும். யோனியை விரித்துப் பார்க்க உதவும் கருவியான ஸ்பெக்குலத்தை வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் கொஞ்சம் ஜெல் தடவி, நுழைக்கும் முன் ‘இப்போது தொடுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுப்பது சில நொடி வேலைதான். அவசரமாக வெளியே எடுக்கும்போதுதான் பல நேரம் வலிக்கும்: ஸ்பெக்குலத்தை முழுக்க மூடி இழுத்தால் உள்சதை அதில் மாட்டிக்கொள்ளும்.

‘போதும்’ என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். ‘இன்னும் ஒரு நிமிஷம்’ என்ற பதில் செல்லாது. பேச முடியாவிட்டால் கையைத் தூக்குவது என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

துணைக்கு ஒரு நர்ஸ் வேண்டும் என்று கேட்கலாம். டாக்டர் ஆணா பெண்ணா என்பது பொருட்டல்ல. அந்த நர்ஸ் திரைக்கு அப்பால் கோப்பு எழுதிக்கொண்டிருந்தால் பயனில்லை, நடப்பதைப் பார்க்கும் இடத்தில் நிற்க வேண்டும். அவர் பெயரையும் நோயாளிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். குடும்பத்தவர் ஆறுதலுக்கு வரலாம், ஆனால் சாட்சியாகப் பயிற்சி பெற்றவர் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பயிற்சி மாணவர்கள் பார்க்கவோ தொடவோ தனிச் சம்மதம் வேண்டும். மயக்க நிலையில் மாணவர் பரிசோதிப்பதென்றால், மயக்க மருந்துக்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் போட்ட கையெழுத்து அதற்குப் போதாது.

ஏதாவது தவறாக நடந்தால், நாள், நேரம், அறையில் இருந்தவர்கள், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் அன்றே எழுதி வையுங்கள். முதலில் கிளினிக் மேலாளரிடம் போகலாம். டாக்டர் மீதான புகார் சுகாதாரத் தொழிலர் கவுன்சிலுக்கும், சிஸ்டர் மீதானது நர்ஸிங் கவுன்சிலுக்கும் போகும். பாலியல் நோக்கத்தோடு தொட்டதாகத் தோன்றினால் இவை எதற்கும் காத்திருக்க வேண்டாம். நேராகப் போலீஸுக்குப் போங்கள்.