மஞ்சக் கடுதாசி

திருப்பூரில் ஒருவர் "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டார்" என்றால், கடனைக் கட்ட முடியாமல் கோர்ட்டில் திவால் மனு போட்டுவிட்டார் என்று அர்த்தம். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. டீக்கடையில்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். போன மாதம் அதைப் பற்றிக் கேட்க நானே ஒரு வக்கீல் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க்கில் பனியன் தைத்துக் கொடுக்கிறேன். ஆர்டர் தந்தவர் ஆறு மாத பில்லை இழுத்தடிக்க, சனிக்கிழமை சம்பளத்துக்கே கைமாற்று வாங்கும்படி ஆகிவிட்டது. மொத்தம் 23 லட்சம். அதில் 9 லட்சம் மெஷின் மேல் பேங்க் கடன். மீதி நூல் கடை, எலாஸ்டிக் கடை, இரண்டு பைனான்ஸ், ஒரு சீட்டு.

எங்கள் பக்கமெல்லாம் இன்னும் 1920-ஆம் வருட மாகாணத் திவால் சட்டம்தானாம். சென்னைக்கு 1909 சட்டம். 2016-இல் வந்த புதுச் சட்டம் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களைத் தவிர, என்னைப் போன்ற தனி ஆளுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம். அது எங்கள் யூனிட்டின் ஒரு நாள் டீ, வடைச் செலவு!

மனு ஏற்கப்பட்டால் சொத்து, திவாலானவர் சொத்தைக் கவனிக்கும் அதிகாரியான அபிஷியல் ரிசீவர் கைக்குப் போகும். அடமானத்தில் இருக்கும் மெஷின்கள் எப்படியும் பேங்குக்குத்தான்.

"அப்பா வீட்டுல உங்க பங்கை மனைவி பேருக்கு மாத்திட்டீங்களா?"

"இல்லீங்க."

"நல்லது. சும்மா எழுதிக் குடுத்திருந்தா, அதுலருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள மனு போட்டா கோர்ட் அதை ரத்து பண்ணலாம்."

எனக்கு யோசனை சொன்ன நாலு பேரும் முதலில் சொன்னது, அப்படி மனைவி பேருக்கு மாற்றச் சொல்லித்தான்.

அப்புறம் கேட்டார்: "ஜாமீன் யாரு?"

மச்சான். என் மனைவியின் அண்ணன். அவிநாசிப் பக்கம் ஒரு மில்லில் வேலை. 4 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டபோது எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

"கோர்ட் உங்களைக் கடன்ல இருந்து விடுவிச்சாலும் அவரை விடுவிக்காதுங்க."

இத்தனை நாளும் என் மானம் போகுமே என்றுதான் பயந்திருந்தேன். அந்த 4 லட்சம் யார் தலையில் விழும் என்று யோசிக்கவே இல்லை.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டே, "அண்ணன்கிட்ட நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க. தபால்காரர் சொல்லித் தெரிய வேண்டாம்" என்றாள்.

வக்காலத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவிநாசிக்குப் போகிறேன்.