மக்ரோனி சீஸ்: 715 கலோரியிலிருந்து 390-க்கு இறக்கிய கதை

முதலில் கணக்கு. வழக்கமான மக்ரோனி சீஸ், நான்கு பேருக்கு: காய்ந்த மக்ரோனி 250 கிராம், செட்டார் 250 கிராம், முழுக்கொழுப்புப் பால் 600 மில்லி, வெண்ணெய் 50 கிராம், மைதா 30 கிராம், மேலே தூவ ரொட்டித்தூள் 30 கிராம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,860 கலோரி, தட்டுக்கு 715. செட்டார் மட்டும் 1,000, மக்ரோனி 900, பால் 380, வெண்ணெய் 360. மைதாவும் ரொட்டித்தூளும் மீதி. எங்கே கை வைக்க வேண்டும் என்பது இந்த வரியிலேயே தெரிகிறது. எப்படிக் கை வைப்பது என்பதற்குத்தான் ஐந்து சுற்று ஆனது.

மலேசியாவில் நோன்பு மாதத்துச் சந்தைகளில் விற்கும் மக்ரோனி பாக்கார் வேறு சாதி. அது முட்டை ஊற்றிச் சுட்டது, துண்டு போடலாம். இங்கே பேசுவது சாஸோடு வழிய வேண்டிய வகை.

முதல் சுற்று: கொழுப்பு குறைந்த சீஸ்

யாருக்கும் முதலில் தோன்றும் வழி. ‘ரெண்டா லெமாக்’ (கொழுப்பு குறைவு) என்று அச்சிட்ட செட்டாரை அதே 250 கிராம் போட்டுப் பார்த்தது. கலோரி இறங்கியது, சாஸ் மட்டும் வரவில்லை. சீஸ் நூல் நூலாகத் திரண்டு கரண்டியைச் சுற்றிக்கொண்டது, ஆறியதும் ரப்பர். சீஸ் என்பது கேசீன் என்ற புரதம் பின்னிய வலை. வலைக் கண்களில் கொழுப்பும் நீரும் நிற்கின்றன. கொழுப்பை எடுத்துவிட்டால் புரத இழைகள் நெருங்கி இறுகுகின்றன. சூடு பட்டால் இளகுவதற்குப் பதில் சுருங்குகின்றன. மணப்பொருள்களில் பெரும்பகுதியும் கொழுப்பில்தான் கரைந்திருக்கிறது. ஆக வாயில் ரப்பர், மூக்கில் ஒன்றுமில்லை.

இதற்குப் பிறகு எல்லாச் சுற்றிலும் முழுக்கொழுப்புச் செட்டார்தான். அளவை மட்டும் பாதிக்கும் கீழே கொண்டுவந்தோம். ஆனால் நன்றாக முதிர்ந்த, நாக்கில் சுருக்கென்று பிடிக்கும் செட்டாராக இருக்க வேண்டும். தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடை ரொட்டி சீஸில் வருகிற சாது வகை 110 கிராமில் காணாமலே போய்விடும்.

இரண்டாம் சுற்று: வெண்ணெய் இல்லாத மைதா

வெண்ணெயை நீக்கி, மைதாவைக் குளிர்ந்த பாலில் கரைத்துக் கொழுப்பு நீக்கிய பாலோடு காய்ச்சியதில் கிடைத்தது போஸ்டர் ஒட்டுகிற பசை. மைதாவின் பச்சை வாடை போக அது கொழுப்பில் வதங்க வேண்டும். வெண்ணெய் வேண்டாம் என்றால் மைதாவும் வேண்டாம். சோள மாவு போதும். அதற்கு வதக்கல் தேவையில்லை, மைதாவில் பாதி அளவு போட்டாலே சாஸ் கெட்டிப்படும். கொழுப்பு நீக்கிய பால் சாஸை நீர்த்துக் காட்டியது, அடியும் பிடித்தது. குறைந்த கொழுப்புப் பாலுக்கு மாறினால் 350 மில்லிக்கு 40 கலோரிதான் கூடும். அந்த நாற்பதைக் கொடுத்துவிடலாம்.

டின்னில் வரும் ஆவியாக்கிய பாலைப் போடலாமே என்பவர்கள் லேபிளைப் படிக்கவும். இங்கே கடைகளில் அதிகம் இருப்பது ‘கிரிமர் செஜாட்’. அதில் பால் கொழுப்புக்குப் பதில் பனை எண்ணெய் இருக்கும். உண்மையான ஆவியாக்கிய பாலான ‘சூசூ செஜாட்’ வேறு.

மூன்றாம் சுற்று: பூசணி

நிறம் அபாரம், செட்டார் இரட்டிப்பாகப் போட்டது போலத் தெரியும். ருசி பூசணி அல்வாவில் யாரோ உப்பைக் கொட்டியது போல. மஞ்சள் பூசணியின் இனிப்பை 110 கிராம் சீஸால் அடக்க முடியாது. 50 கிராம் வரை நிறத்துக்குச் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

இடையில் தயிரும் ஒரு முறை. கொதிக்கும் சாஸில் விட்டதும் திரிந்தது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் கேசீன் கட்டிக்கொள்ளும், மோர்க்குழம்பு வைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுப்பை அணைத்தபின் கலந்தால் திரியாது. ஆனால் தயிர்ப் புளிப்பு சீஸை முந்திக்கொண்டு வருகிறது. கைவிட்டாயிற்று.

நான்காம் சுற்று: காலிபிளவர்

இதுதான் வழி. 100 கிராமுக்கு 25 கலோரி, வெள்ளை நிறம், அரைத்தால் கிரீம் போலாகும். ஆனால் இரண்டு இடத்தில் சறுக்கும். தண்ணீரில் போட்டு அவித்தால் நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, சாஸில் போய்க் கக்கும். ஓவனிலிருந்து எடுத்த தட்டின் அடியில் குளம் கட்டும். அதிக நேரம் வேகவிட்டால் கந்தக வாடை எழும், எவ்வளவு மிளகு போட்டாலும் மறையாது. எனவே ஆவியில் 10 முதல் 12 நிமிடம், கத்தி தடையின்றி இறங்கும் வரை மட்டும். பிறகு காய்ந்த சட்டியில் எண்ணெய் விடாமல் 3 நிமிடம் புரட்டி ஈரத்தை ஓட்ட வேண்டும். அரைக்கும்போது பால் சூடாக இருக்கட்டும். பிளெண்டரைப் பாதிக்கு மேல் நிரப்பாமல், மூடியைத் துணியால் அழுத்திப் பிடித்து, முழுதாக 2 நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு நிமிடத்தில் நிறுத்தினால் ரவைபோல் நாக்கில் தட்டும்.

கேமரன் மலைக் காலிபிளவர் சந்தையில் காலையிலேயே கிடைக்கும். பூ மஞ்சளடித்து, பழுப்புப் புள்ளி விழுந்திருந்தால் வாடை சீக்கிரம் வரும், பொரியலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் சுற்று: எண்ணெய் பிரிதல்

ருசி வந்துவிட்டது, ஆனால் சில நாள் சாஸ் மணல்மணலாகத் திரிந்து, மேலே எண்ணெய் மிதந்தது. சாஸில் கொழுப்பு குறைவு, நீர் அதிகம் என்றாலும் சூடு ஏறினால் கேசீன் இறுகிக் கொழுப்பைத் துப்பிவிடும். இதற்கு மருந்து சோடியம் சிட்ரேட் என்ற உப்பு. கேசீனைக் கட்டிப்போடும் கால்சியத்தை அது பிடித்துக்கொள்ள, புரதம் நீரில் பரவிக் கொழுப்பைத் தாங்கி நிற்கிறது. 1911-இல் சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பரும் ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லரும் பதப்படுத்திய சீஸ் செய்தது இந்த உப்பை வைத்துத்தான்.

கடையில் கிடைக்காவிட்டால் கவலையில்லை, வீட்டிலேயே ஆகும். கேக் சாமான் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலம் 3 கிராம், ஆப்பசோடா 3.9 கிராம், தண்ணீர் 50 மில்லி. நுரை பொங்கும், அகலப் பாத்திரத்தில் செய்யுங்கள். நுரை அடங்கியதும் ஒரு கொதி. 4 கிராம் சோடியம் சிட்ரேட் கரைசல் தயார். ஆப்பசோடா கூடினால் சோப்பு வாடை, அமிலம் கூடினால் பால் திரியும்; அதனால் 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும், டீஸ்பூன் கணக்கு உதவாது. பேக்கிங் பவுடர் இதற்கு ஆகாது.

இத்தனை வேண்டாம் என்றால் செட்டாரை 90 கிராமாக்கி, தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் வரும் சீஸ் சிலைஸ் இரண்டு சேருங்கள். அதற்குள் இதே வகை உப்பு இருக்கிறது. தட்டுக்கு 400 கலோரி வரும், உப்பு மட்டும் சற்றுத் தூக்கும்.

இப்போது நிற்கும் அளவு

மக்ரோனி 200 கிராம், காலிபிளவர் 400 கிராம், குறைந்த கொழுப்புப் பால் 350 மில்லி, முதிர்ந்த செட்டார் 110 கிராம், சோள மாவு 12 கிராம், மேலே சொன்ன சிட்ரேட் கரைசல், கடுகுத்தூள் அரை டீஸ்பூன், வெள்ளை மிளகு, ஜாதிக்காய். மேலுக்கு ரொட்டித்தூள் 15 கிராம், எண்ணெய் 1 டீஸ்பூன். மொத்தம் 1,570 கலோரிக்குக் கிட்ட. தட்டுக்கு 390, எடை 300 கிராம் இருக்கும்.

காலிபிளவரில் 250 கிராமை மேலே சொன்னபடி பாலோடு அரைக்கவும். மீதி 150 கிராமை மக்ரோனி அளவுக்குச் சின்னப் பூவாக உதிர்த்து, மக்ரோனி வேகக் கடைசி 3 நிமிடம் இருக்கும்போது அதே தண்ணீரில் போடவும். லிட்டருக்கு 8 கிராம் உப்பு. பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே வடித்து, ஒரு குவளை வடிநீரை எடுத்து வையுங்கள்.

செட்டாரை 15 நிமிடம் ஃப்ரீசரில் வைத்துப் பிறகு துருவவும். பினாங்கு வெக்கையில் துருவலோடு துருவல் ஒட்டிக் கட்டியாகிவிடும். துருவி விற்பதை வாங்காதீர்கள். ஒட்டாமல் இருக்க அதில் மாவோ செல்லுலோஸோ பூசியிருப்பார்கள், சாஸ் சொரசொரக்கும்.

அரைத்ததை அடுப்பேற்றி, சிட்ரேட்டும், குளிர்நீரில் கரைத்த சோள மாவும் விட்டு ஒரு கொதி. அடுப்பை அணைத்து, 70 டிகிரிக்கு இறங்கும்வரை பொறுத்து, சீஸை மூன்று தடவையாகக் கலக்கவும். மக்ரோனியைச் சேர்க்கும்போது சாஸ் தேவைக்கு மேல் தளர்வாகத் தெரிய வேண்டும், ஐந்து நிமிடத்தில் குடித்துவிடும். இறுகினால் வடிநீர்.

ஜாதிக்காயை விடாதீர்கள். பினாங்கின் பாலிக் பூலாவில் விளைவது. சௌரஸ்தா சந்தையில் இனிப்பு ஊறுகாயாக விற்பது அதன் சதை, நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் கொட்டை. நான்கு தட்டுக்கு நாலைந்து உரசல்தான். கூடினால் கசக்கும்.

ரொட்டித்தூளை எண்ணெயில் தனியாகச் சிவக்க வறுத்துத் தூவினால் ஓவன் தேவையே இல்லை. தூளுக்குப் பதில் கிரீம் கிராக்கரை நொறுக்கிப் போட்டாலும் மொறுமொறுப்பு நிற்கும்.

முழுக்கோதுமை மக்ரோனி கலோரியைக் குறைக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. நார்ச்சத்து கூடும், கலோரி ஏறக்குறைய அதேதான். இப்போது மொத்தத்தில் 720 மக்ரோனியிடம் இருக்கிறது. இன்னும் இறக்க வேண்டுமானால் மக்ரோனியை 160 ஆக்கி, பூவைக் கூட்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் அது காலிபிளவர் சீஸ், பெயரை மாற்றிவிடுங்கள்.

காரம் வேண்டுமென்றால் எண்ணெயில் தாளித்த சம்பல் வேண்டாம், ஒரு கரண்டியிலேயே சேமித்தது போய்விடும். காய்ந்த மிளகாயை இடித்துத் தூவலாம்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் தட்டுக்கு 3 மேசைக்கரண்டி பால் விட்டு, மைக்ரோவேவில் பாதி வேகத்தில், நிமிடத்துக்கு ஒரு முறை கிளறிச் சூடாக்கினால் சாஸ் மீண்டும் இளகிவிடும்.