நுங்கம்பாக்கமும் விஜய் அமிர்தராஜும்

புது வருஷம் பிறந்தால் நுங்கம்பாக்கம். ரொம்ப வருஷம் எனக்கு அதுதான் வழக்கம். 1997-லிருந்து முதல் சில வருஷம் ஏப்ரலிலும், அப்புறம் ஜனவரி முதல் வாரத்திலும் லீவு போட்டுவிட்டு சென்னை ஓபன் டென்னிஸ் போட்டியின் கேலரியில் போய் உட்கார்ந்துவிடுவேன். 2017-க்கு அப்புறம் அந்தப் போட்டி புனேவுக்குப் போய்விட்டது. இருபத்தோரு வருஷ வழக்கம் எங்கோ ஒரு கையெழுத்தில் முடிந்துபோனதில் எனக்கு ரொம்ப நாள் கோபம்.

2019-ல் முன்னாள் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் தமிழ்நாடு டென்னிஸ் சங்கத் தலைவரானார். 'சரி, லெட்டர்பேடுக்கு ஒரு பெரிய பெயர்' என்று நினைத்தேன். அவருடைய பழைய கதை தெரிந்திருந்தும் அப்படி நினைத்தது என் தப்பு.

1973 விம்பிள்டன் காலிறுதியில் கோடெஷிடம் ஐந்தாவது செட்டை 5-7 என இழந்தார். 1981-இல் அதே காலிறுதியில் கானர்ஸுக்கு எதிராக முதல் இரண்டு செட்டை ஜெயித்துவிட்டுத் தோற்றார். இவையெல்லாம் ஆடித் தோற்றவை. நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையில் 1974-இல் நடந்தது அப்படியில்லை. கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை வெல்ல மொத்தம் 327 கேம்கள் ஆட வேண்டியிருந்தது. அரையிறுதியில் சோவியத் யூனியனையும் தாண்டியாயிற்று. இறுதியில் எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசு அங்கே இருந்ததால் இந்தியா ஆட மறுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை அவர்களிடம் போனது. முடிவு சரிதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அமிர்தராஜுக்கு அப்போது வயது 20. மறுபடி இறுதிக்கு வர 1987 ஆயிற்று, கோத்தன்பர்க்கில் ஸ்வீடன் 5-0 என்று துவைத்தது.

கோர்ட்டில் ஆடுவதை மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ முடிவு செய்கிறார்கள் என்பது அவ்வளவு சின்ன வயதில் புரிந்துவிட்டால், அந்த அறைக்குள் போய் உட்காரத் தோன்றாதா? 1989-லிருந்து 1993 வரை, ஆண் டென்னிஸ் வீரர்களின் சங்கமான ஏ.டி.பி.யின் வீரர்கள் கவுன்சிலின் தலைவராக இருந்தார். சுற்றுப்போட்டிகளை நடத்துவதில் வீரர்களுக்கே பங்கு என்ற ஏ.டி.பி. டூர் 1990-இல் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

அவர் தமிழ்நாடு சங்கத் தலைவராகி மூன்று வருஷத்தில், 2022 செப்டம்பரில், நுங்கம்பாக்கத்துக்குப் பெண்கள் போட்டி வந்தது. இறுதியில் 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா மூன்றாவது செட்டில் 1-4 என்று பின்தங்கியபோது கிளம்பலாம் என்று எழுந்தேன். என் மகள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். அடுத்த ஐந்து கேமும் அந்தப் பெண்ணுக்கே! எதிரே ஆடிய லினெட் பாவம்.

பரிசளிப்பு நேரத்தில் பக்கத்து சீட்காரர், "விஜய் அமிர்தராஜ்னா ஜேம்ஸ் பாண்ட் படத்துல வந்தவர்தானே?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு 1974-ஐ ஆரம்பித்தேன். கல்கத்தாவைத் தாண்டுவதற்குள் அவர் பஸ் பிடிக்கப் போய்விட்டார்.