பிரீமியம் கட்டியாச்சு, சரி... யார் கணக்கில்?

"ஊர்ல எடுத்த பாலிசிக்கு இங்கேயே பணம் கட்டலாமா?" பெங்களூர்த் தமிழர்களிடமிருந்து முதலில் வரும் கேள்வி இதுதான். தாராளமாகக் கட்டலாம். சேலத்தில் எடுத்த எல்ஐசி பாலிசிக்கு பெங்களூரில் எந்தக் கிளையின் கவுன்டரிலும் கட்டலாம், வெப்சைட்டிலும் ஆப்பிலும் கட்டலாம். அதற்காகக் கிளையை மாற்ற வேண்டாம். முகவரியையும் மொபைல் எண்ணையும் மட்டும் உடனே மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் டியூ நோட்டீஸ் இன்னும் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

ஊர் ஏஜென்டிடம் ஜிபே பண்ணிவிடுவது இன்னொரு பழக்கம். "மாமாதான், பார்த்துப்பார்." மாமா நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவர் கைக்குப் போன பணம் கம்பெனிக்குப் போன பணம் ஆகாது. 1997-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு எல்ஐசி வழக்கில் நடந்தது இது: ஏஜென்ட் பிரீமியத்துக்கான செக்கை வாங்கிக்கொண்டார், உடனே கட்டவில்லை, அதற்குள் பாலிசிதாரர் விபத்தில் இறந்துபோனார். பிரீமியம் வசூலிக்கும் அதிகாரம் அந்த ஏஜென்டுக்கு இல்லை, அதனால் எல்ஐசியைப் பொறுப்பாக்க முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது. வசூலிக்க அங்கீகாரம் பெற்ற ஏஜென்டுகளும் உண்டு. அவர்கள் கம்பெனியின் கம்ப்யூட்டர் ரசீதை அங்கேயே தருவார்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தால் அது ரசீது அல்ல. செக் கொடுத்தாலும் அது பாஸ் ஆனால்தான் கட்டியதாகக் கணக்கு.

சம்பளத்தில் பிடிக்கும் திட்டத்தில் கதை வேறு. 1999-ல், டில்லி மின் நிறுவன ஊழியர் ஒருவரின் வழக்கில், நிறுவனம் பிரீமியத்தைக் கட்டாமல் விட்டதற்கு எல்ஐசியே பொறுப்பு என்று அதே கோர்ட் தீர்ப்பளித்தது. அந்தத் திட்டத்தில் பிடித்துக் கட்டும் வேலையை எல்ஐசிக்காகச் செய்வது நிறுவனம்தான் என்பது காரணம். இந்தப் பாதுகாப்பு வேலையில் இருக்கும்வரைக்கும்தான். கம்பெனி மாறினால் பிடித்தம் நின்றுவிடும், அதை யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். கடைசி சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு எந்த மாதம் வரை போயிருக்கிறது என்று பிரீமியம் ஸ்டேட்மென்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் விடுபட்ட மாதம் இருந்தால் அதைத் தனியாகக் கட்டி, வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கும் முறைக்கோ வருடாந்திர முறைக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆட்டோ டெபிட்டுக்குப் புது மேண்டேட் (கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ள வங்கிக்குத் தரும் அனுமதி) கொடுத்த உடனே நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வங்கி அதைப் பதிவு செய்ய நாளாகும், முதல் டியூ நழுவிப்போவது சகஜம். அதைக் கையால் கட்டிவிடுங்கள். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. பிடித்தப் பட்டியல் வங்கிக்கு முன்கூட்டியே போய்விடும், அது தெரியாமல் டியூ அன்று யுபிஐயிலும் கட்டினால் பணம் இரண்டு தடவை போகும். அப்போது கூடுதல் தொகையைத் திருப்பித் தரச் சொல்லி, இரண்டு பரிவர்த்தனை எண்களையும் பாங்க் ஸ்டேட்மென்டையும் வைத்து எழுத்தில் கேளுங்கள். அடுத்த டியூவுக்கு வரவு வைத்தாலே போதும் என்றால் அதையும் எழுதிவிடுங்கள். அடுத்த நிதியாண்டின் டியூவை முன்பணமாக வாங்க மூன்று மாத வரம்பு இருப்பதால் அது எல்லா நேரமும் நடக்காது.

பணம் கணக்கிலிருந்து போய்விட்டது, ரசீது மட்டும் வரவில்லையா? உடனே மறுபடி கட்டாதீர்கள். கடைக்கோ கம்பெனிக்கோ செலுத்திய யுபிஐ தோல்வியடைந்தால் ஐந்து நாளுக்குள் வங்கி தானாகத் திருப்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு என்பது ரிசர்வ் வங்கி விதி. கெடு, அதாவது டியூ தேதிக்குப் பிறகு கட்டத் தரும் கூடுதல் நாட்கள், முடியும் நேரம் நெருங்கிவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டாம், இன்னொரு வழியில் கட்டிவிடுங்கள். பாலிசி போவதைவிட ஆயிரம் ரூபாய் ஒரு வாரம் முடங்குவது மேல்.

கெடு மாதப் பிரீமியத்துக்கு 15 நாள், மற்ற முறைகளுக்கு 30 நாள். அதற்குள் மரணம் நேர்ந்தால் பாக்கிப் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு க்ளைம் தருவார்கள். தாண்டினால் டெர்ம் பாலிசியில் (இறந்தால் மட்டும் பணம் தரும் பாலிசி) எதுவுமே கிடைக்காது. லேப்ஸ் ஆனதை, அதாவது கட்டாமல் காலாவதியானதை, ஐந்து வருடத்துக்குள் வட்டியோடு புதுப்பிக்கலாம், யூலிப் (பங்குச் சந்தை போன்ற முதலீட்டோடு இணைந்த பாலிசி) என்றால் மூன்று வருடம். உடல்நல அறிக்கை எழுதித் தர வேண்டும், சில சமயம் மருத்துவப் பரிசோதனையும் இருக்கும். பலருக்கும் தெரியாதது ஒன்று: மூன்று வருடம் கழிந்தால் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது என்கிற இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவின் பாதுகாப்பு, புதுப்பித்த தேதியிலிருந்து மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். எட்டு வருடப் பாலிசியை ஒரு தடவை லேப்ஸ் ஆக விட்டால் குடும்பத்துக்கு எவ்வளவு நஷ்டம் என்று இதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி ரீஃபண்ட். பாண்ட் (பாலிசிப் பத்திரம்) கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், காப்பு இருந்த நாட்களுக்கான தொகை, மருத்துவப் பரிசோதனைச் செலவு, ஸ்டாம்ப் கட்டணம் இவை போக மீதியைத் தருவார்கள். பாண்ட் வந்த தேதிக்குச் சான்றாகத் தபால் உறையையோ மின்னஞ்சலையோ பத்திரமாக வையுங்கள்.

30 நாள் தாண்டினால் அது ரீஃபண்ட் அல்ல, சரண்டர், அதாவது பாலிசியை நடுவிலேயே முடித்துக்கொள்வது. இங்கேதான் மனம் நொந்துபோகும். வருடம் 24,000 வீதம் மூன்று வருடம் கட்டியது 72,000. மூன்றாம் வருடத்தில் சரண்டர் செய்தால் உத்தரவாதத் தொகை கட்டியதில் 35 சதவீதம், அதாவது 25,200. கம்பெனி தனியாகக் கணக்கிடும் சிறப்பு சரண்டர் மதிப்பு அதைவிட அதிகமாக வந்தால் அதைத் தருவார்கள். 2024 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த விதிப்படி, ஒரு முழு வருடப் பிரீமியம் கட்டியிருந்தால் முதல் வருடம் முடிந்ததுமே சிறப்பு மதிப்பு உண்டு. சாதாரண டெர்ம் பாலிசியில் வருடா வருடம் கட்டியது திரும்ப வராது. அது வாடகை மாதிரி. அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் சரண்டருக்கு முன் பாலிசிக் கடனைப் பற்றியும், இனிக் கட்டாமல் பெய்ட்அப் ஆக (குறைந்த காப்புத் தொகையோடு பாலிசி தொடரும்படி) விடுவதைப் பற்றியும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வரி: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிப் பிரீமியத்துக்கு அது கிடையாது. டெர்ம் பாலிசியில் முன்பு 18 சதவீதம் இருந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வந்து சேராததற்கு அடிக்கடி காரணமாவது பழைய வங்கிக் கணக்கு. ஸ்டேட் பாங்க் ஆஃப் மைசூர் 2017-ல் ஸ்டேட் வங்கியோடும், விஜயா வங்கி 2019-ல் பாங்க் ஆஃப் பரோடாவோடும், சிண்டிகேட் வங்கி 2020-ல் கனரா வங்கியோடும் இணைந்தன. பாலிசியில் இன்னும் பழைய ஐஎஃப்எஸ்சி எண் இருந்தால் பணம் போன வேகத்தில் திரும்பிவிடும். பெயர் அச்சிட்ட, குறுக்கே 'கேன்சல்டு' என்று எழுதிய செக் ஒன்றைக் கொடுத்துக் கணக்கைப் புதுப்பியுங்கள்.

"உங்க லேப்ஸ் பாலிசிக்கு ரீஃபண்ட் வந்திருக்கு, ஃபைல் சார்ஜ் மட்டும் கட்டுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரீஃபண்ட் தர எந்தக் கம்பெனியும் முன்பணம் கேட்காது.

கம்பெனி பதில் சொல்லாவிட்டால், அல்லது பதில் திருப்தியில்லை என்றால், முதலில் புகாரை எழுத்தில் கொடுத்து ஒரு மாதம் பாருங்கள். பிறகு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி) போகலாம். கட்டணமும் வக்கீலும் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். கம்பெனி நிராகரித்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும். சேலம் கிளைப் பாலிசியாக இருந்தாலும் நீங்கள் குடியிருப்பது பெங்களூர் என்றால் ஜே.பி. நகரில் இருக்கும் பெங்களூர் அலுவலகத்திலேயே கொடுக்கலாம், சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.