பிள்ளையைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்

மாமாவுக்கு வேறொரு பெண்ணோடு உறவு இருப்பது அக்காவுக்குத் தெரிந்த நாளிலிருந்து, அந்த வீட்டில் அதிகம் நொந்துபோயிருப்பது நாலாம் வகுப்பு படிக்கும் அவர்கள் மகன்தான். "அப்பா போன்ல யார்கிட்டடா பேசினார்?" என்று அக்கா கேட்பாள். "அம்மாகிட்ட சொல்லாதே" என்று மாமா சாக்லேட் வாங்கித் தருவார். பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறான். ஒரு வாய்கூட இறங்குவதில்லை.

பிறர் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆவது பிரிவை 2018இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டதால் இப்படிப்பட்ட உறவு இப்போது குற்றமில்லை. மனைவியைக் கணவனின் உடைமையாகப் பார்த்த சட்டம் அது, போனது சரிதான். விவாகரத்துக்கு மட்டும் இன்றும் காரணமாகும். பிரிவதா, சேர்ந்திருப்பதா என்பது அவர்கள் பாடு. ஆனால் துப்புக் கேட்பதும் வாயடைப்பதும் இன்றோடு நிற்க வேண்டும் என்று இருவரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அப்புறம், சனி ஞாயிறு அவன் என் வீட்டில்தான்.